கடைமடைப் பூங்கா: குரூகர் தேசியப் பூங்கா ஆறுகளில் நீர்த்தரக் கண்காணிப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா வழியே ஓடும் பெரிய ஆறுகள் பூங்காவிற்கு வெளியே, மேற்கிலுள்ள மேட்டு நிலங்களில் தோன்றுகின்றன. அவற்றின் நீர்த்தரத்தை முடிவுசெய்யும் சுரங்கங்கள், அணைகள், பாசன வயல்கள், நகரங்கள் ஆகியவை பூங்கா நிருவாகத்தின் ஆளுகைக்கு அப்பாற்பட்டவை. தன்னால் மாற்றவியலாத நீரைப் பூங்கா ஏன் அளந்தது, அவ்வளவையால் விளைந்தது யாது என்ற வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. நீர்த்தர அளவை முதலில் இழப்பின் பதிவாகவும், பின்னர்க் கடைமடை உரிமைக்கான சான்றாகவும், 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்திற்குப் பின் அரசின் கடமையை வரையறுக்கும் கருவியாகவும் வளர்ந்ததை வரலாற்று முறையில் நிறுவுகிறது. 2008ஆம் ஆண்டின் முதலைச் சாவுகள் அவ்வளவையின் எல்லைகளை எவ்வாறு வெளிப்படுத்தின என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குரூகர் தேசியப் பூங்கா, நீர்த்தரக் கண்காணிப்பு, ஒலிஃபண்ட்ஸ் ஆறு, கடைமடை உரிமை, ஒதுக்கு நீர், உயிரினக் குறியீடு.

முன்னுரை

பாதுகாக்கப்பட்ட காடு என்றதும் அதனுள் ஓடும் ஆறும் பாதுகாக்கப்பட்டது என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. ஊற்றுக்கண் பூங்காவிற்குள் அமைந்த ஆறுகளுக்கு இவ்வெண்ணம் ஓரளவு பொருந்தும். வெளியே தோன்றி உள்ளே நுழையும் ஆறுகளுக்கு அது பொருந்தாது. பூங்காவின் எல்லை நிலத்தைச் சுற்றி வரையப்படுகிறது. நீரோ அவ்வெல்லையை வெட்டிக்கொண்டு செல்கிறது. தமிழ்ப் பாசன வழக்கிலுள்ள தலைமடை, கடைமடை என்னும் இணைச்சொற்கள் இந்நிலையைத் துல்லியமாக உணர்த்துவன. தலைமடையில் இருப்பவர் எடுத்தது போக எஞ்சிய நீரே, அவர் விட்ட கழிவோடு, கடைமடைக்கு வந்து சேரும். உலகப் புகழ்பெற்ற குரூகர் தேசியப் பூங்கா, தன் பரப்பும் பெருமையும் எவ்வளவாயினும், ஆறுகளைப் பொறுத்தவரை ஒரு கடைமடைக்காரரே.

இப்பூங்காவின் விலங்குப் பாதுகாப்பு வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. அதன் ஆறுகளை அளந்த வரலாறு பெரும்பாலும் நீரியல், சூழலியல் அறிக்கைகளுள் அடங்கிக் கிடக்கிறது. அளவை என்பது தொழில்நுட்பச் செயல் மட்டுமாயின் அது அறிக்கைகளுக்குள் இருந்துவிடலாம். எதை, எங்கே, யாருக்காக அளப்பது என்ற தெரிவுகள் அதிகாரத்தோடும் சட்டத்தோடும் பிணைந்திருப்பதால் அது வரலாற்று ஆய்வுக்கும் உரியதாகிறது.

1. ஆறுகளின் திசையும் பூங்காவின் எல்லையும்

சாபி, குரோகடைல் ஆகிய இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் 1898ஆம் ஆண்டு, பால் குரூகர் தலைமையிலான டிரான்ஸ்வால் குடியரசால் சாபி வேட்டை விலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1902இல் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் அதன் காப்பாளராக அமர்த்தப்பட்டார். 1926ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டம் அக்காப்பகத்தையும் வடக்கிலிருந்த பகுதிகளையும் இணைத்துக் குரூகர் தேசியப் பூங்காவை உருவாக்கியது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 20 இலட்சம் எக்டேர். வடக்கு தெற்காக ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீண்டும், கிழக்கு மேற்காகச் சராசரி 60 கிலோமீட்டர் அளவில் ஒடுங்கியும் அது கிடக்கிறது.

இவ்வடிவமே ஆறுகளின் சிக்கலுக்கு அடிப்படையாகும். வடக்கிலிருந்து தெற்காக லுவூவு, ஷிங்வெட்ஸி, லெட்டாபா, ஒலிஃபண்ட்ஸ், சாபி, குரோகடைல் ஆகிய ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பாய்ந்து மொசாம்பிக் நாட்டிற்குள் செல்கின்றன. வடக்கு எல்லையாக லிம்போபோ அமைந்துள்ளது. நீண்ட நிலப்பட்டையைக் குறுக்காக வெட்டிச் செல்வதால், ஒவ்வொரு பேராற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் சிறு கூறு மட்டுமே பூங்காவிற்குள் அடங்குகிறது. ஆறுகள் தோன்றும் மேட்டு நிலங்களில் நிலக்கரி, தங்கச் சுரங்கங்களும், மரத்தோட்டங்களும், பழத்தோட்டங்களும் பெருகின. இடைப்பட்ட தாழ்நிலத்தில், இனவொதுக்கல் ஆட்சிக்காலத்தில் லெபோவா, கசன்குலு, வேண்டா, கான்குவானே எனப் பிரிக்கப்பட்ட தாயகப் பகுதிகளில் மக்கள் நெருக்கமாகக் குடியமர்த்தப்பட்டனர். பூங்காவின் மேற்கு எல்லையில் 1960களின் தொடக்கத்தில் வேலி எழுப்பப்பட்டது. அது விலங்குகளின் பருவகால நடமாட்டத்தைத் தடுத்தது. ஆற்றோடு வரும் உப்பையும் சேற்றையும் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

2. சாபி ஆறு தந்த முதற்பாடம்

பூங்காவின் ஆறுகளில் மாசு பற்றிய மிகப் பழைய பட்டறிவு சாபி ஆற்றைச் சார்ந்தது. அதன் தலைப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தங்கச் சுரங்கங்கள் இயங்கின. தாதுக்கல்லைப் பொடித்துத் தங்கத்தைப் பிரித்த பின் எஞ்சும் நுண்சேறும் வேதிக் கழிவும் ஆற்றில் கலந்தன. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் சாபி ஆறு மீன்களையும் நீர்ப்பூச்சிகளையும் பெரிதும் இழந்திருந்ததைப் பூங்காவின் மீன்களை விரிவாக ஆய்ந்த பீனார் போன்றோரின் எழுத்துகள் பதிவு செய்துள்ளன.

அக்காலத்தில் ஆற்றுநீரை முறையாகப் பகுத்தாயும் ஏற்பாடு பூங்காவிடம் இல்லை. காவலர்களின் கண்ணும் நாட்குறிப்புமே அளவுகோல்களாயின. நீர் கலங்கியிருந்தது, மீன் மிதந்தது, கரையில் பறவைகள் குறைந்தன என்பன போன்ற காட்சிப் பதிவுகளே சான்றாயின. இச்சான்று குறைபாடுடையது, எனினும் பொருளற்றதன்று. சுரங்கப்பணி ஓய்ந்த பின் ஆற்றில் உயிர்கள் மீண்டும் பெருகின. பிற்காலத்தில் அதே சாபி ஆறு அந்நாட்டின் உயிர்வளம் மிக்க ஆறுகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. மாசின் ஊற்று அடைபட்டால் ஆறு மீளக்கூடும் என்பதையும், அவ்வூற்று பூங்காவிற்கு வெளியே உள்ளது என்பதையும் சாபி ஆறு ஒருசேர உணர்த்தியது. அம்மீட்சி பூங்காவின் முயற்சியால் நிகழவில்லை. சுரங்கத்தின் பொருளாதாரம் மாறியதால் நிகழ்ந்தது. கடைமடையின் நலம் தலைமடையின் வரவு செலவைச் சார்ந்திருந்தமைக்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

3. நீரை உள்ளேயே தேடிய காலம்

ஆறுகள் நலிந்தபோது பூங்கா நிருவாகம் உடனடியாக மேல்நோக்கிப் பார்க்கவில்லை. 1930களின் வறட்சிக்குப் பின் விலங்குகளுக்கு நீர் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. காற்றாலைகள் நீரை இறைத்தன. சிற்றோடைகளின் குறுக்கே அணைகள் கட்டப்பட்டன. பல பதிற்றாண்டுகளில் ஆழ்துளைக் கிணறுகளின் எண்ணிக்கை 300ஐக் கடந்தது. லெட்டாபா போன்ற ஆறுகள் மேற்பகுதி அணைகளாலும் பாசனத்தாலும் வற்றத் தொடங்கியமை இத்திட்டத்திற்கு மேலும் வலுச்சேர்த்தது. தாழ்நிலம் நூறாண்டுகளாகப் படிப்படியாக வறண்டு வருவதைச் சுட்டி, பீனார் 1985ஆம் ஆண்டு ‘கூடு’ என ஒலிக்கும் ஆப்பிரிக்க மானினத்தின் ஆஃப்ரிகான்ஸ் மொழிப் பெயரைத் தாங்கிய ‘கோயிடோ’ ஆய்விதழில் எழுதிய கட்டுரை, அன்றைய நிருவாகச் சிந்தனையை அறிய உதவும் ஆவணமாகும்.

இத்தீர்வின் உள்ளடக்கம் கவனிக்கத்தக்கது. ஆற்றின் குறைபாடு, வேலிக்குள் நீர் போதாமை என்று பொருள்கொள்ளப்பட்டது. அதனால் வேலிக்குள்ளேயே தீர்வும் தேடப்பட்டது. அதன் பக்கவிளைவுகள் பின்னரே தெரியவந்தன. வடபகுதிச் சமவெளிகளில் செயற்கை நீர்நிலைகள் வரிக்குதிரைகளை ஈர்த்தன. அவற்றைத் தொடர்ந்து சிங்கங்கள் பெருகின. அரிதான ரோன் மான்களின் எண்ணிக்கை 1986இல் ஏறத்தாழ 450ஆக இருந்தது, 1993இல் ஏறத்தாழ 45ஆக வீழ்ந்தது. வறட்சி, மேய்ச்சல் போட்டி ஆகியவற்றோடு இந்நீர்நிலைகளும் வீழ்ச்சிக்குக் காரணமெனச் சூழலியலாளர் கருதினர். 1990களின் பிற்பகுதியில் பல கிணறுகள் மூடப்பட்டன. கிணற்று நீர் யானையின் தாகத்தைத் தணிக்கும்; ஓடும் நீரில் மட்டுமே வாழும் மீனுக்கோ, ஆற்றங்கரை மரத்திற்கோ அது உதவாது. ஆறு என்பது குடிநீர்த் தொட்டியன்று என்ற புரிதலுக்கு இப்பட்டறிவு வழிகோலியது.

4. எல்லையில் அமைந்த அளவை

ஆற்றின் பக்கம் பார்வை திரும்பியதற்கு ஒலிஃபண்ட்ஸ் ஆறே முதன்மைக் காரணமாயிற்று. இவ்வாறு ஜோகன்னஸ்பர்க்கின் கிழக்கேயுள்ள மேட்டுநிலத்தில் தோன்றுகிறது. விட்பேங்க் எனப்பட்ட இன்றைய இமலஷ்லேனி நகரைச் சூழ்ந்துள்ள நிலக்கரி வயல்கள் அதன் தலைப்பகுதியில் உள்ளன. நிலக்கரியோடு கலந்துள்ள பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு, சுரங்கத்தால் காற்றும் நீரும் படும்போது கந்தக அமிலத்தைத் தோற்றுவிக்கிறது. அவ்வமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைக்கிறது. வழியில் அமிலத்தன்மை நடுநிலைப்பட்டாலும் சல்பேட் உப்பு நீரில் தங்கிவிடுகிறது. மூடப்பட்ட சுரங்கமும் இவ்வாறே கசிந்துகொண்டிருக்கும் என்பதால், இம்மாசிற்குச் சுரங்கத் தொழிலின் ஆயுளைவிட நீண்ட ஆயுள் உண்டு.

பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டியே இரண்டாவது மாசூற்று அமைந்தது. ஃபலபோர்வாவில் 1950களிலிருந்து பாஸ்பேட்டும், 1960களிலிருந்து பெருமளவில் செம்பும் வெட்டியெடுக்கப்பட்டன. சுரங்க வளாகத்தின் அருகே ஓடும் செலாட்டி ஆறு, பூங்கா எல்லைக்கு அருகில் ஒலிஃபண்ட்ஸில் கலக்கிறது. சல்பேட் மிகுந்த கசிவு இவ்வழியே வந்தது. ஃபலபோர்வாவிற்கு நீர் வழங்கக் கட்டப்பட்ட தடுப்பணையில் தேங்கிய வண்டல், மதகுகள் திறக்கப்பட்டபோது ஒரேயடியாகக் கீழே இறங்கி மீன்களின் செவுள்களை அடைத்தது. பூங்காவிற்குள் மீன்சாவுகள் நேர்ந்தமை பதிவாகியுள்ளது.

இச்சூழலில், ஒலிஃபண்ட்ஸ் பூங்காவிற்குள் நுழையும் இடத்திலுள்ள மாம்பா அளவைத் தடுப்பணை தனிச்சிறப்புப் பெற்றது. ஆற்றின் ஓட்டமும், மின்கடத்துத்திறன், அமில-காரநிலை, சல்பேட் முதலிய வேதிக்கூறுகளும் அங்கே அளக்கப்பட்டன. அளவை நிலையம் எங்கே அமைகிறது என்பது நடுநிலையான தெரிவன்று. பூங்காவின் நடுவில் அளந்தால் ஆற்றின் உடல்நிலை தெரியும். எல்லையில் அளந்தால், உள்ளே வரும்போதே ஆறு எந்நிலையில் இருந்தது என்பது தெரியும். முன்னது சூழலியல் தகவல். பின்னது பொறுப்பைச் சுட்டும் சான்று. வாயிலில் நின்று சரக்கை எடைபோட்டு வாங்கும் முறைக்கு இதனை ஒப்பிடலாம்.

ஆயினும் சான்றைக் கொண்டு முறையிடுவதற்கு ஏற்ற சட்டம் அன்று இல்லை. 1956ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் கரையோர நில உரிமையை அடிப்படையாகக் கொண்டது. நிலம் உடையவர் நீரும் உடையவர் என்ற அக்கோட்பாட்டில், வேளாண்மை, தொழில், நகர் ஆகியவற்றின் பயன்பாடுகளே முதன்மை பெற்றன. ஆறு தன்னிலையில் வாழ்வதற்கான நீர் என்ற கருத்துக்கு அதில் உறுதியான இடமில்லை. ஆகவே எல்லையில் சேர்ந்த அளவைகள் நெடுங்காலம் முறையீடாக மட்டுமே பயன்பட்டன.

5. வேதியியலிலிருந்து உயிரினங்களுக்கு

1987ஆம் ஆண்டு பூங்காவின் தலைமையிடமான ஸ்குகூசாவில் ஆறுகளின் நீர்த்தேவை பற்றிய பட்டறை நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து 1988இல் குரூகர் தேசியப் பூங்கா ஆறுகள் ஆராய்ச்சித் திட்டம் உருவாகி 1990களின் இறுதி வரை பல கட்டங்களாக இயங்கியது. நீர்வளத் துறை, நீர் ஆராய்ச்சி ஆணையம், தேசியப் பூங்காக்கள் வாரியம், பல்கலைக்கழகங்கள் ஆகியவை அதில் இணைந்தன. நீர்வளத் துறை முன்வைத்த வினா எளிமையானது: பூங்காவின் ஆறுகளுக்கு எவ்வளவு நீர், எத்தகைய நீர் வேண்டும்? மாசு என்று முறையிடுவதைவிட இவ்வினாவிற்கு விடை கூறுவது கடினமாக இருந்தது. பூங்கா தனக்கு வேண்டியதை எண்ணால் சொல்ல வேண்டிய கட்டாயம் இதனால் ஏற்பட்டது. 1991-92ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில் சாபி ஆறே நூலிழையாக ஓடியமை அவ்வினாவின் நெருக்கடியை அனைவருக்கும் உணர்த்தியது.

இக்காலத்தில் அளவைமுறையும் மாறியது. வேதிப் பகுப்பாய்வு, நீர் எடுக்கப்பட்ட நொடியின் நிலையைக் காட்டுவது. மாதம் ஒருமுறை நீர் எடுத்தால், இடையில் இரண்டு நாள் ஓடிய நஞ்சு அதில் அகப்படாமல் போகக்கூடும். ஆற்றின் அடித்தளத்தில் வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்களோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அந்நீரிலேயே வாழ்வன. அவற்றின் இருப்பும் இன்மையும் கடந்தகால நீர்த்தரத்தின் பதிவேடாக அமைகின்றன. இக்கருத்தின் அடிப்படையில் சட்டர் 1972இல் தென்னாப்பிரிக்க ஆறுகளுக்கான உயிரினக் குறியீட்டை முன்மொழிந்தார். அதிலிருந்து வளர்ந்த தென்னாப்பிரிக்க மதிப்பீட்டு முறையின் ஐந்தாம் வடிவத்தை டிக்கன்ஸ், கிரகாம் ஆகியோர் 2002இல் வெளியிட்டனர்.

இம்முறையில் ஆய்வாளர் ஆற்றின் கற்களைக் காலால் கலக்கி, மிதந்து வரும் உயிர்களை வலையில் பிடித்து, தட்டில் கொட்டிக் குடும்ப அளவில் இனங்காண்கிறார். மாசைத் தாங்கும் புழுக்களுக்கு 1 என்ற சிறு மதிப்பும், தூய நீரில் மட்டும் வாழும் பூச்சியினங்களுக்கு 15 வரையிலான மதிப்பும் தரப்படுகின்றன. மொத்த மதிப்பும், ஓரினத்திற்கான சராசரி மதிப்பும் கணக்கிடப்படுகின்றன. விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. பழகிய கண் வேண்டும். 1994இல் தொடங்கப்பட்ட ஆற்றுநலத் திட்டம் இம்முறையை மீன்கள், கரையோரத் தாவரங்கள் ஆகியவற்றின் குறியீடுகளோடு இணைத்து நாடு முழுவதும் கொண்டுசென்றது. காவலர்களின் நாட்குறிப்பில் தொடங்கிய உயிர்ச்சான்று, இவ்வாறு எண்ணாக மாறி அலுவல் ஆவணத்திற்குள் இடம்பெற்றது.

6. 1998: முறையீடு உரிமையானது

இனவொதுக்கல் ஆட்சி முடிந்து 1994இல் மக்களாட்சி அமைந்தபின், காதர் அஸ்மால் நீர்வளத் துறை அமைச்சரானார். அவரது காலத்தில் இயற்றப்பட்ட 1998ஆம் ஆண்டின் 36ஆம் எண் தேசிய நீர்ச் சட்டம் கரையோர நில உரிமைக் கோட்பாட்டை நீக்கியது. நீர்வளத்தின் பொது அறங்காவலராக அரசு அறிவிக்கப்பட்டது. ‘ஒதுக்கு நீர்’ எனத் தமிழில் கூறத்தக்க புதிய கருத்தாக்கம் அச்சட்டத்தின் உயிர்நிலையாகும். மக்களின் அடிப்படைத் தேவைகளுக்கும், நீர்ச்சூழல் அமைப்புகளின் பாதுகாப்புக்கும் வேண்டிய நீரின் அளவும் தரமும் முதலில் ஒதுக்கப்பட வேண்டும். எஞ்சியதே பிற பயன்பாடுகளுக்குப் பகிரப்பட வேண்டும் என்று அது விதித்தது.

இங்கு இரண்டு கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, அளவோடு தரமும் சட்டத்தின் வரையறைக்குள் வந்தமை. எல்லையில் கிடைக்கும் நீர் போதுமா என்பதோடு, அது எத்தகையது என்பதும் கடமையைச் சார்ந்த வினாவாயிற்று. இரண்டாவது, மனிதத் தேவையும் ஆற்றின் தேவையும் ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டமை. அடிப்படைத் தேவை நாளொன்றுக்கு ஒருவருக்கு 25 லிட்டர் எனக் கணக்கிடப்பட்டது. பூங்காவின் மேற்கே, சாபியின் துணையாறான சாண்ட் ஆற்றங்கரையில் வாழ்ந்த புஷ்பக்ரிட்ஜ் பகுதி மக்களுக்கு அவ்வளவு நீரும் எளிதில் கிட்டாத காலம் அது. பூங்காவின் ஆறுகளுக்கு மட்டும் நீர் கேட்பது, வேலிக்கு வெளியே குடத்தோடு காத்திருப்பவரிடமிருந்து நீரைப் பறிப்பதாகத் தோன்றக்கூடிய சூழல் நிலவியது. பூங்காவின் கடந்தகாலம் இவ்வையத்தை வலுப்படுத்தியது. லுவூவு, லிம்போபோ ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்திலிருந்து மகுலேகே மக்கள் 1969இல் வெளியேற்றப்பட்டு அந்நிலம் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. அந்நிலத்தின் உரிமை அவர்களுக்கு மீண்டதும் இதே 1990களின் இறுதியில்தான். குடிமக்களும் ஆறும் ஒரே பக்கத்தில் நிற்கும் கடைமடைக்காரர்கள் என்று ஒதுக்கு நீர்க் கருத்தாக்கம் வரையறுத்தது. பூங்காவின் நீர்க்கோரிக்கைக்கு அறநிலை சார்ந்த அடித்தளம் இதனால் கிட்டியது எனலாம்.

7. வரம்புகளை வகுத்தல்

சட்டம் உருவான காலத்திலேயே பூங்காவின் மேலாண்மைக் கோட்பாடும் மாறியது. 1997ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட மேலாண்மைத் திட்டம், கெவின் ரோஜர்ஸ், ஹேரி பிக்ஸ் ஆகியோர் வளர்த்தெடுத்த ‘கவலைக்குரிய வரம்புகள்’ என்னும் கருத்தை ஏற்றது. ஆறு எப்போதும் மாறிக்கொண்டிருப்பது. அதற்கு ஒரே சரியான நிலை என ஒன்றில்லை. ஆகவே ஒவ்வொரு குறியீட்டிற்கும் ஏற்கத்தக்க மாற்றத்தின் மேல், கீழ் எல்லைகள் வகுக்கப்பட்டன. அளவை அவ்வெல்லையை நெருங்கும்போதோ கடக்கும்போதோ, அதனை நிருவாகத்தின் முன் வைத்து, செயல்படுவதா அல்லது எல்லையைத் திருத்துவதா என்று முடிவுசெய்ய வேண்டும்.

கண்காணிப்பின் வரலாற்றில் இது முதன்மையான மாற்றமாகும். பல நாடுகளில் நீர்த்தரத் தரவுகள் அலமாரிகளில் குவிந்து கிடப்பதற்கு, எந்த எண் வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே பேசப்படாமையே காரணம். வரம்பை முன்னரே வகுப்பது, அளப்பவருக்கும் முடிவெடுப்பவருக்கும் இடையில் ஓர் உடன்படிக்கையை ஏற்படுத்துகிறது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த பெருவெள்ளம் சாபி ஆற்றின் கரையோரக் காடுகளையும் அளவைக் கருவிகளையும் அடித்துச் சென்றபோது, வரம்புகள் மீண்டும் சிந்திக்கப்பட வேண்டியனவாயின. வகுத்த வரம்பு இறுதியானதன்று என்ற கோட்பாடு அவ்வெள்ளத்தில் சோதிக்கப்பட்டது.

8. 2008: அளவைக்கு அகப்படாத சாவு

லெட்டாபா ஆறு ஒலிஃபண்ட்ஸில் கலந்தபின், மொசாம்பிக் எல்லையை நெருங்குமிடத்தில் ஆறு ஒரு குறுகிய பள்ளத்தாக்கு வழியே செல்கிறது. நைல் முதலைகள் பெருந்தொகையாக வாழ்ந்த இடம் அது. 2008ஆம் ஆண்டு மே மாத இறுதியிலிருந்து அங்கே முதலைகளின் உடல்கள் காணப்பட்டன. அக்குளிர்காலத்தில் 150க்கும் மேற்பட்ட முதலைகள் மாண்டன. உடற்கூறாய்வில் அவற்றின் உடற்கொழுப்பு மஞ்சளாகி இறுகியிருந்தமை தெரியவந்தது. பான்ஸ்டீயடைடிஸ் எனப்படும் இக்கொழுப்பு அழற்சி, கெட்டுப்போன மீன்கொழுப்பை உண்பதோடும், உடலில் வைட்டமின் ஈ குறைவதோடும் தொடர்புடையது. கொழுப்பு இறுகிய முதலைகள் எளிதில் நீந்தவும் இரைதேடவும் இயலாமல் மெலிந்து இறந்தன.

இச்சாவுகளுக்கு ஒற்றைக் காரணம் நிறுவப்படவில்லை. மேற்பகுதியிலிருந்து வந்த மாசுகளின் நெடுநாள் திரட்சி ஒரு கருத்து. கீழ்ப்பகுதியில் மொசாம்பிக்கின் மாசிங்கிர் அணையின் நீர்மட்டம் உயர்த்தப்பட்டதால், பள்ளத்தாக்கில் விரைந்தோடிய நீர் தேங்கி, நுண்வண்டல் படிந்து, மீன்களின் உணவுச் சங்கிலி மாறியது என்பது மற்றொரு கருத்து. அப்பகுதிக் கெளுத்தி மீன்களிலும் அதே நோய் கண்டறியப்பட்டது. மேற்பகுதியில் லோஸ்கோப் அணைக்கட்டிலும் முதலைகள் குறைந்திருந்தமை, சிக்கல் ஓரிடத்திற்கு மட்டும் உரியதன்று என்ற ஐயத்தை எழுப்பியது. தேசியப் பூங்காக்கள் அமைப்பு பல துறை ஆய்வாளர்களை ஒன்றிணைத்து ஒலிஃபண்ட்ஸ் நீர்ப்பிடிப்புப் பகுதியின் மீட்புக்கான கூட்டமைப்பை உருவாக்கியது.

நீர்த்தரக் கண்காணிப்பு இச்சாவுகளை முன்னறிவிக்கவில்லை. வழக்கமாக அளக்கப்பட்ட உப்பு, அமிலநிலை போன்றவை, உணவுச் சங்கிலியில் நிகழ்ந்த மாற்றத்தைக் காட்டும் ஆற்றல் அற்றவை. லுவூவு ஆற்றிலும் இதையொத்த நிலை உண்டு. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மலேரியாவைத் தடுக்க வீடுகளின் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்படுகிறது, அதன் எச்சம் மீன்களின் உடலில் காணப்பட்டது. தண்ணீரில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் இத்தகைய பொருள் மீனின் கொழுப்பில் திரள்கிறது. உயிர்காக்கும் நடவடிக்கையே ஆற்றிற்கு நஞ்சாகும்போது, மாசுபடுத்துபவர், பாதிக்கப்படுபவர் என்ற எளிய பிரிவினையும் இங்குக் குலைகிறது. எதை அளப்பது என்று முன்பே முடிவுசெய்தவர், அதற்கு வெளியே நிகழ்வதைக் காணத் தவறக்கூடும் என்பதே 2008 தந்த பாடமாகும்.

9. கடைமடையும் தலைமடையும்

சட்டம் வழங்கிய உரிமை ஆற்றில் நீராக வந்து சேர்ந்ததா என்ற வினா எஞ்சுகிறது. ஒலிஃபண்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் பூங்காவிற்குள் ஓட்டமற்று நின்றது. ஒதுக்கு நீர் விதிக்கப்பட்ட பின்னும் தாழ்நில ஆறுகள் பலவற்றில் அது நிறைவேறவில்லை என்பதை ஷேரன் பொல்லார்டும் டெரிக் டு டாய்ட்டும் 2011இல் வெளியான தம் ஆய்வில் காட்டினர். சாபி ஆறு ஒப்பீட்டளவில் நன்னிலையில் இருந்தது. சட்டவிரோதமான நீரெடுப்பு, உரிமங்களைத் தணிக்கை செய்யும் ஆள்வலிமைக் குறைவு, பழைய உரிமைகளைப் புதிய சட்டத்திற்கு ஏற்ப மாற்றுவதில் நேர்ந்த தாமதம் ஆகியவை இத்தகைய தோல்விகளின் பின்னே உள்ளன.

ஆயினும் சில இடங்களில் அளவை நேரடிச் செயலாக மாறியது. லெட்டாபா, குரோகடைல் ஆறுகளில் எல்லையிலுள்ள ஓட்ட அளவு குறிப்பிட்ட வரம்பிற்குக் கீழே இறங்கியதும், மேற்பகுதி அணை இயக்குநர்களோடும் பாசனக் குழுக்களோடும் பூங்கா அலுவலர்கள் உடனே தொடர்புகொள்ளும் நடைமுறை உருவானது. நாட்டின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதி மேலாண்மை முகமையாக 2004இல் இன்கோமாட்டி முகமை நிறுவப்பட்டமை இதற்குத் துணைபுரிந்தது. தரவு அலமாரியிலிருந்து தொலைபேசிக்கு வந்தது எனலாம். மாதாந்திர அறிக்கையால் இயலாததை, இரு தரப்பினருக்கும் இடையிலான அறிமுகமும் அன்றாட உரையாடலும் ஓரளவு இயல்வதாக்கின.

இவ்வரலாற்றில் பூங்கா கடைமடைக்காரராகவே பேசப்படுகிறது. மொசாம்பிக்கிலிருந்து நோக்கினால் பூங்காவே தலைமடை. ஒலிஃபண்ட்ஸ் எல்லை கடந்தபின் மாசிங்கிர் அணையில் தேங்கி, அந்நாட்டு வயல்களுக்கும் ஊர்களுக்கும் செல்கிறது. தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக், சுவாசிலாந்து ஆகிய நாடுகள் 2002இல் இன்கோமாட்டி, மபுட்டோ ஆறுகள் பற்றி இடைக்கால உடன்படிக்கை செய்துகொண்டன. சாபியும் குரோகடைலும் இன்கோமாட்டி வடிநிலத்தைச் சார்ந்தவை. தன் மேற்கு எல்லையில் எந்த அளவுகோலைப் பூங்கா நாட்டியதோ, அதே அளவுகோலைக் கிழக்கு எல்லையில் தனக்கும் நாட்ட வேண்டிய கடப்பாடு இதிலிருந்து பிறக்கிறது. சுற்றுலா முகாம்களின் கழிவுநீரும் அக்கணக்கில் அடங்கும்.

முடிவுரை

குரூகர் தேசியப் பூங்காவின் நீர்த்தரக் கண்காணிப்பு, அளக்கும் கருவிகளின் வளர்ச்சியால் மட்டும் உருவானதன்று. காவலரின் நாட்குறிப்பு, எல்லைத் தடுப்பணை, சிற்றுயிர்க் குறியீடு, கவலைக்குரிய வரம்பு என்னும் ஒவ்வொரு கட்டமும் பூங்கா தன் இடத்தைப் புரிந்துகொண்ட விதத்தின் மாற்றத்தைக் காட்டுகிறது. தன்னிறைவுள்ள தீவு என்று தன்னைக் கருதியவரை அது கிணறு தோண்டியது. ஆற்றின் நடுவே அமைந்த ஒரு பங்காளி என்று உணர்ந்தபின் அளக்கவும் பேசவும் தொடங்கியது.

அளவை தானாக ஆற்றைக் காப்பதில்லை என்பதை 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலமும், சட்டம் தானாக நீரைக் கொணர்வதில்லை என்பதை 2005ஆம் ஆண்டின் வறண்ட ஒலிஃபண்ட்ஸும், அளக்கப்பட்டவை மட்டுமே ஆறு அல்ல என்பதை 2008ஆம் ஆண்டின் முதலைகளும் காட்டின. இம்மூன்று பாடங்களும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் வழியே ஆறு ஓடும் எந்நாட்டிற்கும் பொருந்துவன. நீர்ப்பிடிப்புப் பகுதியிலுள்ள குடிமக்களின் குடிநீர் உரிமையோடு தன் கோரிக்கையைப் பிணைத்துக்கொண்டபோதே பூங்காவின் குரலுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. பூங்காவின் எல்லையில் நாட்டப்படும் அளவுகோல், வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் அந்நீரை நம்பி வாழும் அனைவருக்கும் பொதுவானதாக அமையும்போதே கண்காணிப்பு தன் முழுப்பொருளை அடைகிறது.